நெளிகிற சுவரும் ‘நோர்மல்’ என்கிற சூப்பர்வைசரும்

கேள்வி: போன வருடம் ஓகஸ்ட் 22ஆம் திகதி புது வீட்டின் திறப்பை வாங்கினோம். மேற்குச் சுவரில் அடித்த வைனில் சைடிங் (வெளிச்சுவரை மூடுகிற பிளாஸ்டிக் பலகைகள்), வெயில் ஏறினால் அலை அலையாக நெளிகிறது. மார்ச் மாதக் காற்றில் மேல்தட்டில் ஒரு துண்டு கழன்று பக்கத்து வளவுக்குள் விழுந்துவிட்டது. பில்டரின் சூப்பர்வைசரைக் கேட்டால் “இது நோர்மல், வைனில் என்றால் அசையும்தான்” என்கிறார். என் கணவரோ, ஏன் சண்டை, தெரிந்த ஒருவரைப் பிடித்து நாங்களே திருத்துவோம் என்கிறார். என்ன செய்யலாம்? – ஒஷாவா வாசகி

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக உங்கள் கணவரை ஏணியால் இறங்கச் சொல்லுங்கள்.

சூப்பர்வைசர் சொன்னதில் பாதி உண்மை. வைனில் அசையும், அசையத்தான் வேண்டும். பன்னிரண்டு அடித் துண்டு ஒன்று எங்கள் ஒன்ராறியோக் குளிருக்கும் வெயிலுக்கும் இடையில் அரை அங்குலம்வரை, சிலவேளை அதற்கு மேலும், நீண்டு சுருங்கும். அதனால்தான் சைடிங்கைச் சுவரோடு சேர்த்து அறைவதில்லை, கொடியில் சேலை காயப்போடுகிற மாதிரி ஆணியில் தொங்கவிடுவார்கள். ஆணி, துண்டின் மேல் ஓரத்தில் இருக்கிற நீளத் துளையின் நடுவில் இறங்க வேண்டும், ஆணித் தலைக்கும் வைனிலுக்கும் இடையில் பத்துச் சதக் காசின் தடிப்பளவாவது இடைவெளி வேண்டும், ஓரங்களில் கால் அங்குலம் விட வேண்டும், குளிருக்குள் அடித்தால் இன்னும் கொஞ்சம் கூட. இதையெல்லாம் பார்க்காமல் ஆணித் துப்பாக்கியால் டக் டக்கென்று இறுக்கிக்கொண்டு போனால், வெயிலுக்கு நீள இடமில்லாமல் வயிறு தள்ளிக்கொண்டு வெளியே வரும். அது நோர்மல் இல்லை, அவசர வேலை.

சந்தேகம் இருந்தால், கைக்கு எட்டுகிற ஒரு துண்டில் உள்ளங்கையை வைத்து இடமும் வலமுமாகத் தள்ளிப் பாருங்கள். ஒழுங்காகத் தொங்குவது கொஞ்சம் சறுக்கும். கல்லுப் போல நின்றால் இறுக்கி அடித்திருக்கிறார்கள். பக்கத்து வளவுக்குள் விழுந்த துண்டை எறிந்துவிடவில்லையே? அதன் மேல் ஓரத்தில் ஆணித் துளைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். துளையின் நடுவில் இல்லாமல் ஒரு பக்க நுனியில் கிழிந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கராஜுக்குள் பத்திரமாக வையுங்கள்.

ஒன்றை மட்டும் நேர்மையாகப் பார்த்துவிடுங்கள். நெளிவு சுவர் முழுவதும் இல்லாமல் ஒரு இடத்தில் மட்டும் மெழுகு உருகினதுபோல இருக்கிறதா? எதிர்வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் பட்ட வெயில் திரும்பி அடித்தும் வைனில் உருகும், அதற்கு ஆணி அடித்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. பார்பெக்யூ அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைக்கிற வீடுகளிலும் இதே கதைதான். (எங்கள் வீட்டில் நடந்தது, அதற்கு மேல் கேட்காதீர்கள்.)

கழன்ற இடம் இன்னும் திறந்து கிடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சைடிங் மழையின் பெரும் பகுதியைத் தடுக்கும், ஆனால் மிச்சத் தண்ணீரை உள்ளே விடாமல் காப்பது பின்னால் சுற்றியிருக்கிற உறைதான். அது கிழிந்திருக்கிறதா என்று கீழே நின்றே கமராவில் பெருப்பித்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் அந்தச் சுவர் ஜன்னல்களின் கீழ் மூலைகளில் கறையோ ஈரமோ இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். இருந்தால் இது அழகுப் பிரச்சினை இல்லை. முதலில் படம் எடுங்கள், பிறகு தற்காலிகமாக ஏதாவது போட்டு மூடுங்கள்.

இனி அவசரமான விஷயம். ஒன்ராறியோவில் புது வீட்டுக்கு டாரியன் (Tarion) என்கிற அமைப்பு பார்த்துக்கொள்கிற உத்தரவாதம் இருக்கிறது, ஆனால் எல்லாக் குறைக்கும் ஒரே காலம் இல்லை. சாதாரண வேலைத்தரக் குறைக்கு ஒரு வருடம்தான். சைடிங் போன்ற வெளிச்சுவர்ப் போர்வை கழன்று விழுவது, இடம் பெயர்வது, பழுதாவது, சுவருக்குள் தண்ணீர் இறங்குவது என்பவற்றுக்கு இரண்டு வருடம். கழன்ற துண்டுக்கு அடுத்த வருடமும் கேட்கலாம். நெளிவு வெறும் வேலைத்தரக் குறை என்று முடிவானால் அதற்கு இந்த ஓகஸ்ட்டோடு கதை முடிந்துவிடும். முதலாம் வருட முடிவுப் படிவத்தை அந்த வருடத்தின் கடைசி 30 நாட்களுக்குள் டாரியனிடம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது ஜூலை 23 அளவில் தொடங்குகிறது, ஓகஸ்ட் 20ஐத் தாண்ட விடாதீர்கள். சூப்பர்வைசரோடு போனில் கதைத்தது, அவர் தலையாட்டியது எல்லாம் கணக்கில் வராது, படிவத்தில் இருப்பதுதான் கணக்கு.

எழுதும்போது “சைடிங் சரியில்லை” என்று ஒற்றை வரியில் முடிக்காமல், மேற்குச் சுவர், இரண்டாம் தட்டு, எந்த ஜன்னலுக்கும் எந்த மூலைக்கும் இடையில், கழன்றது எந்தத் திகதி என்று பிரித்து எழுதுங்கள். மற்றச் சுவர்களையும் தள்ளிப் பார்த்துத் தனித்தனியாகச் சேருங்கள். பின்னேர வெயில் சரிந்து விழுகிற நேரம் மூலையில் நின்று சுவரோடு கண்ணை வைத்துப் படம் எடுத்தால் அலை அப்படியே தெரியும், நடுப்பகலில் நேரே நின்று எடுத்தால் ஒன்றும் தெரியாது.

படிவக் காலம் முடிந்த பிறகு பில்டருக்குத் திருத்த 120 நாள் இருக்கும், குளிர் வந்துவிட்டது என்று வெளிவேலையை இன்னும் தள்ளவும் பார்ப்பார்கள். அப்படியும் செய்யாவிட்டால் டாரியனிடம் பரிசோதனை கேட்க 30 நாள்தான், அதைக் கலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். இதற்கிடையில் உங்கள் கணவரின் ஆள் கை வைத்தால், எது பில்டரின் பிழை எது அவருடைய பிழை என்று பிரிக்க முடியாமல் போய், உத்தரவாதமே கேள்விக்குள்ளாகும். உங்கள் உரிமையைக் கேட்பதற்குச் சண்டை என்று பெயர் வைத்தது யார் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஆட்கள் திருத்த வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் நில்லுங்கள். முதல் துண்டைப் பூட்டினதும், அடுத்ததை ஏற்ற முன்னம், கையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். சறுக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.