உள்ளூர்க் குடிநீர் நிறுவனம் வருங்கால மறுசுழற்சி நீர்த் திட்டங்களை எங்கிருந்து தொடங்கித் திட்டமிட வேண்டும்?

வாங்குபவரிடமிருந்து. சுத்திகரிப்பு நிலையமெல்லாம் பிறகுதான்.

நீர் வழங்கல் துறையின் திட்டமிடல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் பிறக்கின்றன. "இவ்வளவு கழிவுநீர் வீணாகப் போகிறதே, சுத்தம் செய்து விற்றால் என்ன?" என்று ஒருவர் கேட்பார். அடுத்த கூட்டத்திலேயே எந்த வடிகட்டிச் சவ்வு, எத்தனை பம்பு என்று பேச்சு போய்விடும். அந்த நீரை யார், எந்த நேரத்தில், என்ன தரத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்பது அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணையாக ஒதுங்கிக் கிடக்கும்.

என் முதல் அறிக்கையும் அப்படித்தான். ஆண்டுக் கழிவுநீர் வரத்தையும் ஆண்டுத் தேவையையும் அருகருகே எழுதி, இரண்டும் பொருந்துகின்றன என்று முடித்திருந்தேன். மூத்த பொறியாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "விடியற்காலை மூன்று மணிக்கு உன்னிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஊர் உறங்கும்போது சாக்கடையும் உறங்கும். பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் நீர் பாய்ச்சுவதோ அந்த நேரத்தில்தான். மழைக்காலத்தில் நிலைமை நேர்மாறு: பாசனத் தேவை படுத்துவிடும், கழிவுநீர் மட்டும் வந்துகொண்டே இருக்கும். நான் மறந்துபோன சேமிப்புத் தொட்டிகளைச் சேர்த்ததும் செலவுக் கணக்கே வேறாகிவிட்டது. திறந்த குளத்தில் தேக்கினால் மலிவு என்று நினைக்காதீர்கள். அதில் எஞ்சியிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு விருந்து. மறுபடியும் வடிகட்ட வேண்டியிருக்கும்.

ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஒரே அளவில் நீர் எடுக்கும் தொழிற்சாலைகள்தான் நல்ல வாடிக்கையாளர்கள். ஆனால் அவர்களின் "சரி" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் குழாய் பதிக்காதீர்கள். எங்களிடம் அப்படி ஒப்புக்கொண்ட ஓர் ஆலை, நீரின் மாதிரியைப் பரிசோதித்த பிறகு பின்வாங்கியது. நாங்கள் நோய்க்கிருமிகளைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர்களுடைய கவலை அம்மோனியா. குளிர்விக்கும் அமைப்பில் இருக்கும் செம்பு உலோகக் கலவைகளை அது அரித்துவிடும். இன்னொருவருக்கு சிலிக்கா, விவசாயிக்கு சோடியமும் போரானும். 'தரமான நீர்' என்று பொதுவாக ஒன்றும் கிடையாது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் பழைய சாக்கடைக் குழாய்கள் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும். விரிசல்கள் வழியாக உவர்நீர் உள்ளே கசியும். கழிவுநீரின் உப்பளவு கடல் ஏற்றத்தோடு ஏறி இறங்குவதைப் பதிவுகளில் பார்த்தபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இத்தகைய இடத்தில் உப்பைச் சவ்வால் பிரிக்கும் பெரிய ஆர்.ஓ. நிலையம் கட்டுவதைவிடக் குழாய்களைச் செப்பனிடுவது மலிவாக முடியலாம். ஆர்.ஓ. என்றாலே நூறு லிட்டருக்கு ஏறத்தாழ 75 முதல் 85 லிட்டர்தான் நல்ல நீராகக் கிடைக்கும். மீதி உப்பும் மாசும் செறிந்த கழிவு. அதை எங்கே விடுவது என்பதற்குக் கடலோர ஊர்களுக்கு ஒரு பதிலாவது இருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் பல திட்டங்கள் அந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன.

வரத்தையும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். வறட்சியில் மக்கள் சிக்கனமாக இருந்தால் கழிவுநீர் குறையும், அதன் செறிவு கூடும். ஏற்கெனவே வெளியேறும் நீரை நம்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு பாசனமோ சதுப்புநிலமோ இருக்கலாம். 'வீணாகப் போகும் நீர்' என்று நாம் சொல்வது பல சமயம் வேறொருவரின் நீர்.

இனி வெளியூர் அனுபவங்கள். ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவில் 2006இல் வாக்கெடுப்பு நடத்தி, சுத்திகரித்த நீரைக் குடிநீர் அணையில் சேர்ப்பதைச் சுமார் 62 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். அதே குயின்ஸ்லாந்து மாநிலம் கடும் வறட்சியின்போது பெரும் பொருட்செலவில் மேற்கு வழித்தட மறுசுழற்சித் திட்டத்தைக் கட்டி முடித்தது. மின்நிலையங்களுக்கு நீர் போனது. ஆனால் மழை திரும்பியது; அணைகளின் இருப்பு 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் குடிநீரில் சேர்ப்பது என்று முடிவாயிற்று; பிறகு நிலையங்களையே மூடி வைத்தார்கள். பயத்தில் கட்டும் திட்டத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மாறாக, கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி 1970களிலேயே கடல்நீர் உட்புகுவதைத் தடுக்கச் சுத்திகரித்த நீரை நிலத்தடியில் செலுத்தத் தொடங்கியது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் 2008இல் நாளொன்றுக்கு 7 கோடி கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்) அளவுள்ள நிலையம் வந்தது. 2015இல் 10 கோடி, 2023இல் 13 கோடி. படிப்படியாக. நமீபியாவின் விண்ட்ஹோக் 1968 முதலே சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீரில் கலந்து வருகிறது. அங்கே வேறு வழியில்லை என்பதை மக்கள் அறிவார்கள்.

வீடுகளுக்குத் தனிக் குழாய் போட்டுக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் கொடுக்கலாமே என்ற யோசனை காகிதத்தில் அழகாகத் தெரியும். நெதர்லாந்தின் லைட்ஸே ரைன் பகுதியில் 2001இல் அரைகுறையாகச் சுத்திகரித்த ஆற்றுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் தவறுதலாக இணைந்து மக்கள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். புதிதாக எழும் குடியிருப்பில், அதுவும் ஆண்டுதோறும் இணைப்புகளைச் சோதிக்க ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பழைய தெருக்களைத் தோண்டி இதைச் செய்ய நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் திட்டமிடல் பிரிவில் இருப்பவர் என்றால் இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு: உங்கள் முக்கியக் கழிவுநீரேற்று நிலையங்களில் ஓட்டத்தையும் (உப்பளவைக் காட்டும்) மின்கடத்துதிறனையும் மணிக்கணக்கில் பதிவு செய்யும் கருவிகளைப் பொருத்துங்கள். ஆலோசகரை நியமிக்கும் நேரம் வரும்போது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அடங்கிய பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அவரும் ஆண்டுச் சராசரியை வைத்துத்தான் எழுதுவார், நான் எழுதியதைப் போலவே.