பஸ் ஜன்னல் வழியா போன பிடுங்கிட்டான், பெங்களூர்லயே எஃப்ஐஆர் போடலாமா?

மடிவாளால இருக்குற ஒரு தம்பி கேட்டிருக்கார். ஓசூர்ல இருந்து பஸ்ல வரும்போது அத்திப்பள்ளி டிராஃபிக்ல பைக்ல வந்தவன் ஜன்னல் வழியா போன பிடுங்கிட்டு போய்ட்டானாம். இங்க ஸ்டேஷனுக்குப் போனா "நம்ம லிமிட் இல்ல, அங்கயே போங்க"ன்னு சொல்லி, கடைசில மொபைல் தொலைஞ்சு போச்சுன்னு ஒரு ஸ்லிப் மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க, இது போதுமா மேடம்னு கேக்குறார்.

போதாது தம்பி. அந்த ஸ்லிப் டூப்ளிகேட் சிம் வாங்க உதவும், அவ்ளோதான், அத வச்சு யாரும் திருடன தேட மாட்டாங்க. தொலைஞ்சது வேற, பிடுங்கினது வேற. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதிலா 2024 ஜூலை 1-ல இருந்து அமல்ல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதால பிரிவு 304-னு பிடுங்கிட்டு ஓடறதுக்குன்னே தனியா ஒண்ணு இருக்கு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், போலீஸ் நேரடியா கேஸ் போடக்கூடிய, ஜாமீன் உரிமையா கிடைக்காத குற்றம். அதனால புகார்ல "காணோம்"னு ஒரு இடத்துலயும் எழுதாதீங்க, கைல இருந்து பிடுங்கினான்னு எழுதுங்க, போன் விலையையும் எழுதுங்க. ஏன்னா சாதா திருட்டுன்னு மாத்தி, விலை 5,000 ரூபாய்க்குக் கீழன்னு காட்டிட்டா, கோர்ட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்கவே முடியாது.

இப்ப லிமிட் விஷயம். போலீஸ், கோர்ட் எப்படி நடந்துக்கணும்னு சொல்ற புது சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173 படி சம்பவம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார் வாங்கணும், இதத்தான் ஜீரோ எஃப்ஐஆர்னு சொல்றாங்க, நம்பர் 0 போட்டு பதிவு பண்ணி அந்த ஏரியா ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவாங்க. கன்னடம் எழுத வராதேன்னு பயப்படாதீங்க, வாயால சொன்னாலே எழுதிக்கணும், உங்களுக்குப் படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கணும், காப்பி ஃப்ரீ. ஆன்லைன்ல அனுப்பினா 3 நாளுக்குள்ள போய் கையெழுத்துப் போடணும், இத நிறைய பேர் மறந்துடறாங்க.

ஒரு தலைவலியும் இருக்கு. 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குள்ள தண்டனை இருக்குற குற்றங்கள்ல டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணிட்டு அப்புறம் பதிவு பண்ணலாம்னு இதே பிரிவுல போட்டிருக்காங்க. 2013-ல லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் எஃப்ஐஆர் கட்டாயம்னு அடிச்சு சொன்னதுக்கு அப்புறம் இப்படி ஒரு சந்து வச்சது எனக்குப் பிடிக்கல, இழுத்தடிக்க நல்லா யூஸ் ஆகும். அப்படி யாராவது சொன்னா அனுமதி வாங்கிட்டீங்களா சார்னு மரியாதையா கேளுங்க.

அப்பவும் மறுத்தா புகார அந்த ஏரியா டிசிபிக்கு (துணை போலீஸ் கமிஷனர்) ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க, அதுக்கும் அசையலன்னா அதே சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 175-ல மாஜிஸ்ட்ரேட் கிட்ட மனு, கூட அஃபிடவிட் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) வேணும், டிசிபிக்கு அனுப்பின அந்த ரசீது இல்லாம போனீங்கன்னா அங்க நிக்காது. கேஸ் பதிவானதும் 90 நாளுக்குள்ள விசாரணை எங்க நிக்குதுன்னு போலீஸே உங்களுக்குச் சொல்லணும்.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி சிம்ம பிளாக் பண்ணுங்க, யூபிஐ நிறுத்தச் சொல்லி பேங்குக்கு போன் போடுங்க, பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க. புகார் குடுத்தப்புறம், போன் டப்பால இருக்குற ஐஎம்இஐ நம்பரையும் (ஒவ்வொரு போனுக்கும் இருக்குற தனி அடையாள எண்) புகார் காப்பியையும் வச்சு, திருடுபோன போன முடக்குறதுக்கான அரசு தளமான சிஇஐஆர்ல போன முடக்கிடலாம்.