மழலையர் பள்ளியும் வீடும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டீச்சராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பெற்றோரைக் கூப்பிட்டாலே முகம் மாறி, "இன்னைக்கு என்ன செஞ்சான்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்ன செய்வது?

இதுவரை அவர்களைக் கூப்பிட்டதெல்லாம் புகார் சொல்லத்தான், அதனால்தான் அப்படி. வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல சேதி போய்விட வேண்டும். அதுவும் "சமத்துப் பிள்ளை" என்று பொதுவாக வேண்டாம். "இன்று கத்தரிக்கோலைத் தானே பிடித்துக் கோட்டின் மேலேயே வெட்டினாள், முடித்த கையோடு பக்கத்துப் பையனுக்குத் தாளைப் பிடித்துக்கொண்டாள்" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். தன் பிள்ளையை இவர் நிஜமாகவே கவனிக்கிறார் என்று ஒரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்த ஒரு வரியில் புரிந்துவிடும். அப்புறம் நீங்கள் கேளுங்கள்: அழுதால் எப்படிச் சமாதானம் ஆவான், எதற்குப் பயப்படுவான், எது கையில் இருந்தால் தூங்குவான். இதற்கெல்லாம் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது, நாம் படித்த பயிற்சியில் கிடையாது.

கேள்வி: கூட்டம் வைத்தால் பாதிப் பேர்கூட வருவதில்லை. அக்கறை இல்லையா?

அக்கறை இல்லை என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். வேலை நேரம், கைக்குழந்தை, பள்ளி என்றாலே பழைய பயம் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். வர முடியாதவர்களிடம் நாம்தான் போக வேண்டும், போனிலாவது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்காக 1962இல் தொடங்கிய பெரி பாலர்பள்ளித் திட்டத்தில் ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய், சுமார் ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார்கள். அந்தத் திட்டத்தின் பலனைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் பலர் இந்த வீட்டு வருகையை விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: நான் ஒரு அப்பா. தினமும் நான்தான் கொண்டுவிடுகிறேன், ஆனாலும் எதுவென்றாலும் "அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்கிறார்கள்.

தப்பு அவர்களுடையதுதான். "என்னிடமே சொல்லுங்கள்" என்று நேராகக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை மற்றவர்களைக் கடிக்கிறது. வீட்டில் எப்படிச் சொல்வது?

வாசலில் நாலு பேர் முன்னால் சொல்லவே சொல்லாதீர்கள். இந்த வயதில் கடிப்பது சகஜம், கோபத்தையோ ஆசையையோ சொல்ல இன்னும் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். தனியாக உட்கார்ந்து, கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டில் எப்படி என்று கேளுங்கள். பல் முளைக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா, தம்பி தங்கை பிறந்திருக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். கடிபட்ட குழந்தையின் பெயரைச் சொல்லாதீர்கள், அந்த வீட்டாரிடம் இந்தக் குழந்தையின் பெயரையும்தான்.

கேள்வி: வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள். பள்ளி மொழியிலேயே பேசச் சொல்லலாமா?

வேண்டாம். தாய்மொழியில் தாராளமாகப் பேசுவது இரண்டாம் மொழிக்குத் தடையே இல்லை. குழந்தையின் பெற்றோரையும் மொழியையும் மதிக்கக் கற்றுத்தருவது கல்வியின் நோக்கம் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையே 29ஆம் பிரிவில் சொல்கிறது. அவர்கள் மொழியில் நாலு வார்த்தை நீங்கள் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், "வலிக்குது", "தண்ணி வேணும்" மாதிரி.

கேள்வி: மூன்று வயதுதான், பேச்சு வரவில்லை. ஏதோ குறை இருக்குமோ என்று தோன்றுகிறது. பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

குறைக்குப் பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை, அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறான். காது கேட்கிறதா என்று முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள், பேச்சுத் தாமதத்தில் முதலில் பார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. வாட்ஸ்அப்பில் இந்தப் பேச்சே கூடாது, நேரில்தான். அழுதால் அழட்டும், கோபப்பட்டால் படட்டும், "ஒன்றும் இருக்காது" என்று மழுப்பாதீர்கள். அடுத்து எந்த நாள் பேசுவது என்று குறித்துவிட்டே எழுந்திருங்கள்.