அழாத தாய் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மெல்பர்னில் பதினோரு வருடமாக இருக்கிறேன். போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு, பாலைவனத்தில் இருக்கும் ஊலுரு என்ற பெரிய பாறையைப் பார்க்கப் போயிருந்தோம். முகாமில் பக்கத்துக் கேரவனில் ஒரு வயதான தம்பதி. ராத்திரிப் பேச்சு எப்படியோ லிண்டி சேம்பர்லைன் வழக்குக்கு வந்து சேர்ந்தது. 1980இல் அந்தப் பாறையடியில் கூடாரம் போட்டிருந்தபோது, ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ என்கிற ஆஸ்திரேலியக் காட்டுநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்ன தாய். கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்று, பிறகு விடுதலையானவர். பெரியவர், "பாவம், அநியாயமாக உள்ளே போட்டார்கள்" என்றார். அவர் மனைவியோ, "அவள்தான் செய்தாள், எனக்குத் தெரியும்" என்று அடித்துச் சொன்னார். நாற்பது வருடமாக அந்த வீட்டில் இந்தச் சண்டை தீரவில்லையாம்.

மரண தண்டனை பற்றிய உங்கள் கட்டுரையில் இந்த வழக்கைத் 'தவறான தீர்ப்பு' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தீர்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. பன்னிரண்டு ஜூரிகளும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள். இரண்டு மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். குழந்தையின் உடுப்பு பெரிதாகக் கிழியாமல் கிடைத்தது. நாய்க்குப் பட்டன் கழற்றத் தெரியுமா? பிறகு விடுதலை செய்ததும் சந்தேகத்தின் பலன்தானே? நெருப்பில்லாமல் புகையுமா? நீங்கள் உண்மையில் எதை நம்புகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
ஒரு வாசகர், மெல்பர்ன்

*

அன்புள்ள நண்பருக்கு,

நாய்க்குப் பட்டன் கழற்றத் தெரியாது. ஆனால் ஒரு வாரம் கழித்து, பாறையின் அடிவாரத்தில் ஒரு சுற்றுலாப் பயணி அந்த உடுப்பைக் கண்டபோது, எல்லா பட்டனும் கழன்றிருக்கவில்லை. மேலே சில பிரஸ் பட்டன்கள் மட்டும் திறந்திருந்தன. பாதப் பகுதிக்குள் பின்னல் காலுறைகள் அப்படியே இருந்தன. இன்னொன்று, கூப்பிட்டு வந்த போலீஸ்காரர் முதலில் துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். அப்புறம்தான் திரும்ப வைத்துப் படம் எடுத்தார்கள். 'அழகாக மடித்து வைத்த மாதிரி இருந்தது' என்று ஊரெல்லாம் பேசியதன் அடியில் இருந்தது இதுதான்.

ஜூரிக்கு வருகிறேன். 1982 செப்டம்பரில் டார்வினில் விசாரணை தொடங்கியது. ஒன்பது ஆண்கள், மூன்று பெண்கள். அரசுத் தரப்பு சொன்ன கதை இது: இரவு எட்டு மணிவாக்கில், அடுப்படியில் மற்றவர்களோடு இருந்த லிண்டி ஐந்து பத்து நிமிடம் விலகிப் போனார். காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் குழந்தையின் கழுத்தை அறுத்தார். உடலைக் கணவரின் கேமரா பையில் ஒளித்தார். திரும்ப வந்து நிதானமாக நின்றார். ஏன் செய்தார்? காரணம் சொல்ல வேண்டிய கடமை தங்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

இதைக் கேட்டவுடன் யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்துக் கூடாரத்துப் பெண், லிண்டி திரும்பி வந்த பிறகு குழந்தை அழும் சத்தம் கேட்டதாகச் சொன்னார். இன்னொருவர் நாய் உறுமல் கேட்டேன் என்றார். சாட்சிகள் எல்லாம் லிண்டியின் பக்கம். இருந்தும் ஜூரி நம்பியதென்றால், அதற்கு ஒரே காரணம் காரில் இருந்த ரத்தம்.

சேம்பர்லைன் குடும்பத்தின் கார் மஞ்சள் நிற ஹோல்டன் டொரானா. அதன் டாஷ்போர்டுக்குக் கீழே, உலோகத் தகட்டில், பீய்ச்சி அடித்த மாதிரி சிறு புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. அரசுத் தடயவியல் கூடம் சோதித்தது. 'கருக்குழந்தை ஹீமோகுளோபின்' என்றது முடிவு. பிறந்து சில மாதங்கள் வரைதான் நம் ரத்தத்தில் அது கணிசமாக இருக்கும். ஆகவே இது பச்சைக் குழந்தையின் ரத்தம், அதுவும் தமனி அறுபட்டுப் பீய்ச்சிய ரத்தம். லண்டனிலிருந்து வந்த பேராசிரியர் இன்னொரு படி மேலே போனார். குழந்தையின் உடுப்பில் ரத்தம் தோய்ந்த ஒரு பெரியவரின் சிறிய கையின் அச்சு தெரிகிறது என்றார். நானும் இந்த வழக்கை முதன்முதலில் படித்தபோது, இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு 'குற்றவாளிதான்' என்று முடிவு கட்டியவன். அந்தப் பன்னிரண்டு பேர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

அந்தப் புள்ளிகள் என்ன தெரியுமா? கார் தொழிற்சாலையில் சக்கர வளைவுக்குள் தெளிக்கும் ஒலி அடக்கும் பூச்சு. ஒரு துளை வழியாக உள்ளே தெறித்துக் காய்ந்தது. இதைக் கண்டுபிடித்தவர் போலீஸ் அல்ல, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களும் அல்ல. லிண்டி சிறைக்குப் போன பிறகு, லெஸ் ஸ்மித் என்ற ஒரு விஞ்ஞானி, உணவுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர், தன் ஓய்வு நேரத்தில் வேறு டொரானா கார்களின் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார். அங்கேயும் அதே புள்ளிகள். அதே இடம், அதே தெறிப்பு. சேம்பர்லைன் கார் ஒன்றை மட்டும் பார்க்காமல் பக்கத்துக் காரையும் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு டாக்டர் பட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு டார்ச் லைட் போதும்.

சரி, பரிசோதனையில் ஏன் ரத்தம் என்று வந்தது? முதற்கட்டச் சோதனை ரசாயனம் ரத்தத்துக்கு நிறம் மாறும், தாமிரத்துக்கும் நிறம் மாறும். சேம்பர்லைன் குடும்பம் குடியிருந்தது மவுண்ட் ஐசா. தாமிரச் சுரங்க ஊர். அங்கே காற்றில் வருகிற புழுதியிலேயே தாமிரம் உண்டு. அடுத்த கட்டத்தில் பயன்படுத்திய எதிர்ச்சீரம் என்ற சோதனைத் திரவமோ, குழந்தை ரத்தத்தையும் பெரியவர் ரத்தத்தையும் நம்பிப் பிரித்துக் காட்டக் கூடியதல்ல. சோதனைத் தகடுகளைத் திரும்பப் பார்க்கலாம் என்றால், வழக்கமான நடைமுறைப்படி அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கை அச்சு? அதில் பெரும்பகுதி பாலைவனச் செம்மண். உடுப்பின் துணிநுனி வெட்டுகள் கத்தரிக்கோலால் மட்டுமே வரும் என்று சொன்னார்களே, நாயின் பல்லாலும் அதே மாதிரி வெட்டு விழும் என்று அதே ஸ்மித் செய்து காட்டினார்.

இதெல்லாம் தெரியாத நிலையில் ஜூரி தீர்ப்பு சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் அதே சாட்சியத்தை வைத்துத்தான் பார்த்தன. அப்படியும் 1984இல், ஆஸ்திரேலியாவின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு. 'இரண்டு மேல்முறையீட்டிலும் தோற்றார்' என்று எழுதும்போது அந்த இரண்டு நீதிபதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கேரவன் அம்மாளின் 'எனக்குத் தெரியும்' இருக்கிறதே, அது ரத்தத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு ரொம்ப முன்பே நாடு தீர்ப்பு எழுதிவிட்டது. லிண்டி அழவில்லை. அதுதான் விஷயம். டிவியில் கேமரா முன் உட்கார்ந்து, டிங்கோ இரையை எப்படி உரித்துத் தின்னும் என்று நிதானமாக விளக்கினார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு உடை போட்டுக்கொண்டு வந்தார். குழந்தைக்குக் கறுப்பு உடை போடுவாராம். செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர், கணவர் அதில் போதகர். வித்தியாசமான மதம், ஆகவே நரபலி. அசாரியா என்ற பெயருக்கே 'வனாந்தரத்தில் பலி' என்று பொருள் என ஒரு வதந்தி பரவியது. உண்மையில் அது கடவுளின் உதவியைக் குறிக்கும் எபிரேயப் பெயர். அகராதியைப் புரட்டினால் தெரிந்துவிடும். டார்வின் நீதிமன்ற வாசலில் 'டிங்கோ நிரபராதி' என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் பெரியம்மா ஒருவர், மன்னார்குடிப் பக்கம். மூத்த பையன் பதினான்கு வயதில் வாய்க்காலில் மூழ்கிவிட்டான். உடலைக் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். பெரியம்மா அடுக்களையில் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாயிற்றா, பாலுக்கு ஆள் போனதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள்: "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே, பெத்த வயிறா இது?" கடைசிவரை பெரியம்மா அழுது நான் பார்த்ததில்லை. பையனைப் பற்றிப் பேசியும் கேட்டதில்லை. நல்லவேளை, அவன் பட்டப்பகலில், நாலு பேர் கண்ணெதிரே மூழ்கினான். ராத்திரியில், யாரும் பார்க்காமல் நடந்திருந்தால் அந்த ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

லிண்டி சேம்பர்லைனுக்கு நடந்தது அதுதான். ராத்திரி, பார்த்த ஆள் இல்லை.

பார்த்த ஆள் இல்லை என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. மணல் பார்த்தது. அன்றிரவே தேடப் போன ஒரு பயணி, மணல்மேட்டில் நாயின் தடத்தைப் பின்தொடர்ந்து போனார். ஓரிடத்தில் அது எதையோ கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கியிருக்கிறது. அந்தக் குழிவில் பின்னல் துணியின் அச்சு பதிந்திருந்தது. அந்த மண்ணுக்கே உரிய ஆனங்கு மக்களில் தடம் பார்ப்பவர்கள் இருந்தார்கள். காலடியைப் பார்த்தே நாய் சுமையோடு போனதா, வெறுமனே போனதா என்று சொல்லக்கூடியவர்கள். சுமையோடுதான் போனது என்றார்கள். டார்வினில் ஜூரி முன்னால் அவர்களை யாரும் சாட்சிக்கூண்டில் ஏற்றவில்லை. லண்டன் பேராசிரியருக்கு விமான டிக்கெட் எடுத்தவர்களுக்கு, பாறையடியிலேயே வாழ்ந்தவர்களைக் கூப்பிடத் தோன்றவில்லை. இந்த வழக்கில் எனக்கு ஆறாத இடம் இது.

இன்னொரு சாட்சி, ஒரு சிறு கம்பளிச் சட்டை. குழந்தை உடுப்புக்கு மேலே ஒரு மேல்சட்டை போட்டிருந்தாள் என்று லிண்டி முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். உடுப்பில் நாயின் எச்சில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அதுதான் பதில். அப்படி ஒரு சட்டையே கிடையாது, கட்டுக்கதை என்றது அரசுத் தரப்பு. அவர் சிறைக்குப் போய் மூன்று வருடம் ஆன பிறகு, 1986 ஜனவரியில், ஓர் இங்கிலாந்துப் பயணி ஊலுருவில் ஏறும்போது விழுந்து இறந்தார். அவர் உடலைத் தேடிப் போனவர்கள், டிங்கோ குகைகள் இருந்த பகுதியில், மண்ணில் பாதி புதைந்த ஒரு சட்டையைக் கண்டார்கள். லிண்டி சொன்ன அதே சட்டை. பிப்ரவரி 7 அன்று அவரை வெளியே விட்டார்கள். யாரோ ஒருவர் கால் தவறி விழாமல் இருந்திருந்தால் அவர் எத்தனை வருடம் உள்ளே இருந்திருப்பாரோ! சிறைக்காலத்தில் பெற்ற பெண் குழந்தையை, பிறந்த கையோடு அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

'சந்தேகத்தின் பலன்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். 1987இல் நீதிபதி மார்லிங் ஆணையம் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தது. இந்தச் சாட்சியம் அன்றைக்கு இருந்திருந்தால், விடுதலை செய்யும்படி நீதிபதியே ஜூரிக்கு உத்தரவிட வேண்டியிருந்திருக்கும் என்றது. 1988 செப்டம்பரில் தண்டனையை ரத்து செய்தார்கள். 1992இல் 13 லட்சம் டாலர் நஷ்டஈடு. அப்படியும் 1995இல், குழந்தை எப்படி இறந்தது என்று கண்டறிய நடந்த மரண விசாரணை 'திறந்த முடிவு' என்று விட்டுவிட்டது. அதாவது நாய் என்றும் சொல்ல மாட்டோம், தாய் என்றும் சொல்ல மாட்டோம். உங்கள் 'சந்தேகத்தின் பலன்' அங்கே வேண்டுமானால் பொருந்தும்.

நான் எதை நம்புகிறேன் என்று கேட்டீர்கள். இந்த வழக்கில் நம்பிக்கைக்கு வேலையே இல்லை நண்பரே. குழந்தை இறப்பதற்கு முன்பே, ஊலுருவின் தலைமை வனக்காவலர் டிங்கோக்கள் பயமில்லாமல் முகாமுக்குள் வருகின்றன, சிறு குழந்தைகளுக்கு ஆபத்து என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அந்தக் கோப்பு இருக்கிறது. 2001இல், ஃபிரேசர் தீவு என்று அப்போது சொன்ன தீவில், ஒன்பது வயதுப் பையனையே டிங்கோக்கள் கொன்றன. 'டிங்கோ குழந்தையைத் தூக்குமா' என்று அதன்பிறகு அந்த நாட்டில் அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. 2012 ஜூன் 12 அன்று நான்காவது மரண விசாரணையில், டிங்கோ தாக்கித் தூக்கிச் சென்றதால் மரணம் என்று பதிவு செய்தார்கள்.

விசாரணை அதிகாரி எலிசபெத் மோரிஸ் பெற்றோரிடம் வருத்தம் தெரிவித்தார். அன்றைக்கே திருத்திய இறப்புச் சான்றிதழைக் கொடுத்தார்கள். லிண்டிக்கு அப்போது 64 வயது. கேரவன் அம்மாளை மறுபடி பார்த்தால், அவர் எந்த வருடத்தில் முடிவுக்கு வந்தார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ரத்தச் சோதனைக்கு முன்பா, பின்பா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.