இலங்கை மலையகம்: மழை எந்தப் பக்கம், மூடுபனி எத்தனை மணிக்கு?

ஜூலையில்தான் லீவு. மலையகம் போனால் முழுக்க நனைந்துவிடுவோமா?

எந்தச் சரிவுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மோதி, கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். ஹற்றன், மஸ்கெலியா, வட்டவளை எல்லாம் அப்போது சொதசொதவென்றுதான் இருக்கும். முகட்டைத் தாண்டி இறங்கும்போது அதே காற்று காய்ந்துவிடுகிறது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயிலும் காற்றும்தான். இன்னும் கிழக்கே மட்டக்களப்பில் ஆளை வாட்டும் கச்சான் காற்றும் இதன் மிச்சம்தான். ஆகவே ஜூலை என்றால் பதுளையும் பண்டாரவளையும் இருக்கும் ஊவாப் பக்கம் போங்கள். டிசம்பரில் கதை மாறிவிடும். வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவை நனைக்கும்.

சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் முதல் மே வரை நடப்பதும் இதனால்தானா?

காலநிலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. அது மேற்கு ஓரத்தில் நிற்கிற மலை, உயரம் 2,243 மீற்றர். அந்த மாதங்களில்தான் அதன் உச்சி ஓரளவு தெளிவாக இருக்கும்.

அங்கே விடிகாலையில் விழும் நிழல் சரியான முக்கோணமாக இருக்கிறதே, மலையின் வடிவம் அப்படியா?

இல்லை. எந்த மலை உச்சியில் நின்று பார்த்தாலும் நிழல் கூராகத்தான் தெரியும். நீண்ட தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல் தோன்றுமே, அதே கண்மயக்கம். கீழே மூடுபனி பரந்திருந்தால் நிழல் அதன்மேல் விழுந்து இன்னும் அழகாக இருக்கும். எல்லோரும் சூரியனையே படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரும்பி மேற்கே பாருங்கள்.

ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பு வரை நடந்தோம். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது!

எத்தனை மணிக்குப் போனீர்கள்? பத்து மணி தாண்டியிருந்தால் அது பெரும்பாலும் அப்படித்தான். வெயில் ஏற ஏற, கீழேயுள்ள பள்ளத்தாக்கின் ஈரக்காற்று பாறையோடு மேலேறிக் குளிர்ந்து முகிலாகிறது. 800 மீற்றருக்கும் மேற்பட்ட செங்குத்துப் பள்ளம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். விடியும்போதே நடக்கத் தொடங்குங்கள். ஆனால் அந்த முகிலைத் திட்டாதீர்கள். சமவெளியைச் சுற்றியுள்ள குட்டை மரங்களும் அவற்றில் தொங்கும் பாசியும் அந்த ஈரத்தில்தான் வாழ்கின்றன.

தேயிலை வருவதற்கு முன் அந்த மலைகள் எப்படி இருந்தன?

காடு. முதலில் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869 முதல் பரவிய இலை நோய் கோப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இன்று நாம் 'இயற்கைக் காட்சி' என்று படம் எடுக்கிற பச்சைக் கம்பளத்தில் பெரும்பகுதி, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் கைகளால் உருவானது.

மிக உயரமான நீர்வீழ்ச்சி எது?

பம்பரகந்த, 263 மீற்றர். வறண்ட மாதங்களில் போனால் நூல்போலத்தான் விழும். மழை ஓய்ந்து ஓரிரு நாள் கழித்துப் போங்கள். அட்டை கடிக்கும், காலுறையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.