கடலுக்கு எந்த மணிக்கூடு: ஓரியன்டா, ரோலெக்ஸா?

கேள்வி: காரைநகரில் இருக்கிறேன். கசூரினாவில் நீந்துவேன், இடைக்கிடை சுழியோடுவேன். ஓட்டோமற்றிக் (பற்றரி இல்லாமல் கை அசைவில் ஓடும்) டைவிங் மணிக்கூடு ஒன்று வாங்க ஆசை. சுவிஸில் இருக்கிற சித்தப்பா, "மலிவானதுகளை வாங்காதை, காசு சேர்த்து ஒரு ரோலெக்ஸ் எடு" என்கிறார். மலிவு மணிக்கூடு கடலைத் தாங்குமா?

பதில்: தாராளமாகத் தாங்கும். ஜப்பானிய ஓரியன்டின் கமாசு என்ற டைவிங் மணிக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 200 மீற்றர் நீர் தாங்கும் அளவு, எளிதில் கீறல் விழாத சபையர் கண்ணாடி, நேரம் திருத்தும் குமிழும் திருகிப் பூட்டுவது. ரோலெக்ஸின் டைவிங் மணிக்கூடான சப்மரினருக்கு 300 மீற்றர். மூச்சுப் பிடித்துச் சுழியோடும் உங்களுக்கு அந்த மேலதிக 100 மீற்றரால் ஒரு பயனும் இல்லை. சிலிண்டருடன் இறங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் டைவிங் மணிக்கூடுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425 பெற்ற சிற்றிசன் புறோமாஸ்ரர் போன்றதைப் பாருங்கள்.

அப்படியென்றால் ரோலெக்ஸில் காசு எங்கே போகிறது? ஓரியன்ட் நாளுக்கு 25 செக்கன் முந்தலாம், 15 செக்கன் பிந்தலாம். சப்மரினர் 2 செக்கனுக்குள் நிற்கும். கழற்றி வைத்தால் ஓரியன்ட் 40 மணித்தியாலமளவில் நிற்கும், மற்றது 70 வரை ஓடும். மெருகும் பட்டியின் பூட்டும் கையில் எடுத்த உடனேயே வித்தியாசம் தெரியும். மிச்சம் பெயருக்கு. (நேரம்தான் முக்கியமென்றால் சாதாரண பற்றரி மணிக்கூடு மாதத்துக்கே 15, 20 செக்கன்தான் பிழை காட்டும். ரோலெக்ஸும் அதற்குப் பின்னால்தான்.)

சித்தப்பா பக்கமும் ஒரு நியாயம் உண்டு: ரோலெக்ஸை விற்றால் காசு வரும். ஆனால் ஒருமுறை சேர்விஸ் செய்யும் செலவில் புதுக் கமாசுவே வாங்கிவிடலாம். அவ்வளவு விலைப் பொருளைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்க மனம் வருமா என்பதையும் யோசியுங்கள்.

தோற்றத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2019 இல் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ், அதே கம்பனியின் பழைய டைவிங் மணிக்கூடான எஸ்கேஎக்ஸின் அச்சு அசல் மாதிரி இருக்கும். ஆனால் 100 மீற்றர்தான், குமிழும் திருகிப் பூட்டாது.

எதை வாங்கினாலும் எதிரி உப்புத்தான். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழுவும்போதே கண்ணாடியைச் சுற்றியுள்ள, திருப்பக்கூடிய வெளிவளையத்தைச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் உப்பு இறுகி அது அசையாது. ஈரத்தோடு குமிழைத் திறக்கக் கூடாது. யாராவது பின்மூடியைக் கழற்றினால், றப்பர் வளையத்தை மாற்றி அழுத்தச் சோதனை செய்யாமல் திரும்பக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் அந்தச் சோதனைக் கருவி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் கொழும்புக்கு அனுப்புவதே நல்லது.