கல்லூரி வளாகத்தில் மாணவர்களே சேர்ந்து சுற்றுச்சூழலுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் நீங்கள் இந்நேரம் க்ளப் தொடங்கி, லோகோ வரைந்து, மரக்கன்று நடுவதற்கு எந்த விஐபியைக் கூப்பிடலாம் என்பது வரை போயிருப்பீர்கள். அதை ஓரமாக வையுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்பக்கம் போய் நின்று பாருங்கள்.

நாங்கள் அங்கேதான் தொடங்கினோம். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, பெயர் வேண்டாம். மிச்சச் சோறு, சாம்பார், காய்த்தோல் எல்லாம் ஒரே நீல டிரம்மில் கிடக்கும். பன்றிப் பண்ணைக்காரர் வண்டி வராத நாளில் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. இன்னொரு பக்கம், கூட்டிய சருகையெல்லாம் தினமும் மதில் ஓரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கம்பி வலையை வளைத்துக் கூண்டாகக் கட்டி, சருகு இரண்டு மூன்று பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு, மேலே சாணிக் கரைசல் என்று, மக்கி உரமாகட்டும் என அடுக்கினோம். சரியாக அமைந்துவிட்டால் சில நாளிலேயே நடுவில் செருகிய இரும்புக் கம்பியை உருவித் தொட்டால் மக்கும் சூட்டில் கை சுடும். நாறினால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போட வேண்டும், அவ்வளவுதான். சாம்பார் சோற்றை மட்டும் போடவில்லை, எலி வரும் என்று அதைப் பழையபடி பன்றிக்கே விட்டோம். இதெல்லாம் ஒரு தீர்வா என்று கேட்க வருபவர்கள் பயோகேஸ் கலனுக்குக் காசு வாங்கித் தந்துவிட்டுக் கேட்கலாம்.

நிர்வாகம் முதலில் மசியவில்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிறுவன வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்ற, அப்போது நடப்பிலிருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதியை அச்செடுத்து நீட்டிய பிறகுதான் இடம் கிடைத்தது.

ஆனால் அதை ஓட வைத்தது நாங்கள் இல்லை, பெருக்க வரும் அக்காக்கள்தான். "தூங்குமூஞ்சி இலை வெரசா மக்கீரும் கண்ணு, மா இலைய தனியாப் போடு, அது லேசுல மக்காது" என்று சொன்னது அவர்கள். செமஸ்டர் லீவில் நாங்கள் ஊருக்குப் போய்விடுவோம், கூண்டைக் கிளறிவிட்டதும் அவர்களே.

அப்புறம் கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வந்தது. கூண்டுக்குப் பச்சை பெயின்ட், பெரிய போர்டு, போட்டோவில் டீன் முதல் நாங்கள் வரை எல்லோரும் இருந்தோம், அக்காக்களை மட்டும் அன்றைக்கு அந்தப் பக்கமே விடவில்லை. விருந்தினர் மேசையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் வேறு. தமிழ்நாட்டின் 2019 பிளாஸ்டிக் தடையில் பாட்டில் இல்லை, பாக்கெட் தண்ணீர்தான் இருக்கிறது என்று கமெண்டில் சொல்ல வராதீர்கள், தெரியும். அந்த அக்காக்களுக்கு அந்த மாதச் சம்பளமே வந்திருக்கவில்லை. ஆபீஸில் போய்க் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்றார்கள், கான்ட்ராக்டர் ஆபீஸில் பில் பாஸாகவில்லை என்றார்.

ஆகவே, உங்கள் வளாகத்தில் பெருக்கும் அக்காக்களின் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று விசாரித்துவிட்டு, முதல் கூட்டத்துக்கு நேரம் குறியுங்கள்.